ஃபீயா: ஒலிக்காத இரண்டு எழுத்துகளின் கதை

அயர்லாந்துக் குடியரசில் 2021ஆம் ஆண்டில் பதிவான பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்தது ஃபீயா. ரோமன் எழுத்தில் இதை எஃப், ஐ, ஏ, டி, ஹெச் என்று ஐந்து எழுத்துகளால் எழுதுகிறார்கள். வாயில் வருவது முதல் மூன்று மட்டும். கடைசியில் நிற்கும் டியும் ஹெச்சும் ஒலிப்பதில்லை. ஆங்கிலம் படித்துப் பழகிய கண் இந்தப் பெயரை முதன்முறை பார்க்கும்போது ‘ஃபியாட்’ என்றோ ‘ஃபையாத்’ என்றோ தடுமாறும். அயர்லாந்தில் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை. அங்கே ஐரிஷ் கட்டாயப் பாடம். சொல்லின் ஈற்றில் இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் வாயைத் திறந்தபடி விட்டுவிட வேண்டும் என்பது சின்ன வகுப்பிலேயே பழகிவிடும்.

உச்சரிப்பு எளிது. ‘ஃபீ’ என்று நீட்டித் தொடங்கி, நாக்கைத் தளர்த்தி, தேய்ந்த ஓர் அகரத்தில் முடிக்க வேண்டும். அழுத்தம் முழுவதும் முதல் அசையில் விழும். தமிழில் ஃபீயா என்று எழுதினாலும் ஈற்று ஆகாரம் நெடிலாக இழுபடாது. ‘மியா’ என்ற பெயரை ஆங்கிலேயர் சொல்லும்போது கடைசியில் என்ன ஒலி கேட்குமோ அதுதான் இங்கும் கேட்கும்.

சொல்லின் இன்றைய பொருள் மான். முந்தைய பொருள் இன்னும் அகலமானது: காட்டு விலங்கு, வேட்டை விலங்கு, உழவு படாத காட்டு நிலம். பொதுவாக விலங்கைக் குறித்த சொல் காலப்போக்கில் மானுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குவது பல மொழிகளில் நடந்திருக்கிறது. வேட்டைக்காரனுக்கு விலங்கு என்றாலே மான்தானே. ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் ‘டீர்’ ஒரு காலத்தில் எல்லா விலங்குக்கும் பொதுச்சொல். அதன் உடன்பிறப்பான ஜெர்மன் ‘டீயர்’ இன்றும் பொதுச்சொல்லாகவே நிற்கிறது. வடமொழியில் முதலில் காட்டு விலங்கைக் குறித்த மிருகம் பிறகு மானுக்கும் பெயரானது. தமிழ் அந்தச் சொல்லைப் பொதுப்பொருளில் வைத்துக்கொண்டது. மிருகசீரிடம் என்ற நட்சத்திரத்தின் பெயரில் மட்டும் மான் தலை தங்கிவிட்டது. ஐரிஷில் இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. அடங்காத, காட்டுத்தனமான என்பதற்கு அங்கே ‘ஃபீயான்’ என்பார்கள். காட்டு முயலுக்கு ‘கிரியா’ என்று பெயர். பிரித்துப் பார்த்தால் அது ‘குட்டை மான்’. ஃபீயா என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கும் பெற்றோர் மானின் மென்மையையும் காட்டின் கட்டின்மையையும் சேர்த்தே விரும்புகிறார்கள்.

மானுக்கு அயர்லாந்தின் பழங்கதைகளில் பெரிய இடம் உண்டு. ஃபின் மக்கூல் என்ற வேட்டை வீரன் காப்பாற்றிய பெண்மான், சபிக்கப்பட்ட ஒரு பெண் என்று கதை சொல்கிறது. அவள் பெயர் ‘ஸைவ்’. அவளுக்குப் பிறந்த மகன் ‘ஓஷீன்’. அந்தப் பெயருக்கே மான்குட்டி என்று பொருள். இன்றும் ஆண் குழந்தைகளுக்கு விரும்பி வைக்கப்படும் பெயர் அது. ஆனால் ஓஷீனைப் போல ஃபீயா பழைய காப்பியத்திலிருந்தோ துறவியர் வரலாற்றிலிருந்தோ இறங்கி வந்த பெயரல்ல. அகராதியில் இருந்த ஒரு சாதாரணச் சொல்லை எடுத்துப் பெயராக்கிய புதுமை. இலக்கணப்படி அது ஆண்பால் பெயர்ச்சொல். அதைப் பெண்களுக்கு வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒலிக்காத எழுத்துகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்கு விடை மிகவும் பின்னால் போகிறது. கிறித்தவ மதத்தோடு இலத்தீன் எழுத்து அயர்லாந்துக்கு வந்தபோது, அந்த எழுத்துகளின் எண்ணிக்கை ஐரிஷ் ஒலிகளுக்குப் போதவில்லை. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் உள்ளவை 18 எழுத்துகளே. ஜே, கே, க்யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் ஆகியவை அதில் இல்லை. ஒலிகளோ இரட்டிப்பு. ஒவ்வொரு மெய்யும் பெரும்பாலும் இரண்டு வகையாக ஒலிக்கும்: இகர எகரங்களை ஒட்டி நாக்கின் நடுப்பகுதி உயர்ந்து வரும் மெல்லிய வகை, அகர ஒகர உகரங்களை ஒட்டி வரும் அகன்ற வகை. இதைக் காட்டத் தனி எழுத்து இல்லாததால், பக்கத்தில் எழுதப்படும் உயிரெழுத்தே அடையாளமாகிவிட்டது. பல இடங்களில் உயிரெழுத்து தன் ஒலிக்காக அங்கே இல்லை. அடுத்த மெய்யை எப்படிச் சொல்வது என்று காட்டத்தான் நிற்கிறது.

சுதந்திரம் என்ற பொருளுள்ள ‘ஸீர்ஷா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எஸ் இரண்டு முறை வருகிறது. முதல் எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஏ இருப்பதால் ஸகரம். இரண்டாவதை இகரமும் எகரமும் சூழ்ந்திருப்பதால் ஷகரம். எழுத்து ஒன்று, இடத்தால் ஒலி இரண்டு. தமிழ் படித்தவருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. கல், அகம், தங்கம் என்ற மூன்று சொல்லிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைத் தமிழ்க் குழந்தை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறது.

இதற்கு மேல் இன்னொரு மாற்றமும் ஐரிஷில் உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட வல்லொலிகள் பழங்காலத்திலேயே தளர்ந்துவிட்டன. தகரம் போன்ற ஒலி, ஆங்கிலத்தில் ‘தி’ என்னும் சுட்டுச்சொல்லின் தொடக்கத்தில் கேட்கும் உரசொலியாக மாறியது. தமிழில் ‘அது’ என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வருவதும் ஏறக்குறைய அதே ஒலிதான். தமிழ் அதற்குத் தனி எழுத்து தேடவில்லை. ஐரிஷ் தேடியது. இலத்தீன் வழக்கத்தைப் பின்பற்றிச் சில எழுத்துகளுக்குப் பின்னால் ஹெச் சேர்த்தார்கள். எஃப், எஸ் ஆகிய எழுத்துகள் ஒலியிழக்கும்போதும் தளரும்போதும் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். பிழையான எழுத்தின் மேல் புள்ளியிட்டு அதை நீக்குவது ஏடெழுதுவோர் பழக்கம். அந்தப் பழக்கமே இலக்கணமாகிவிட்டது. பின்னாளில் புள்ளி முறை தளரும் மெய்கள் எல்லாவற்றுக்கும் பரவியது. தமிழில் புள்ளி உயிரை நீக்கி மெய்யை நிறுத்துகிறது. ஐரிஷில் அது மெய்யையே கரைக்கிறது.

ஐரிஷ் அச்செழுத்து பிறந்த கதையும் தமிழுக்குப் பக்கத்தில் வருவதுதான். முதலாம் எலிசபெத் அரசி செய்வித்த எழுத்துருவால், அயர்லாந்தில் அச்சான முதல் ஐரிஷ் நூல் 1571இல் டப்ளினில் வெளிவந்தது. கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அச்சானது 1578இல். அந்த ஐரிஷ் எழுத்துருவின் வழிவந்த கேலிக் அச்சு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பள்ளிப் புத்தகங்களில் இருந்தது. அதில் ஃபீயாவுக்கு நான்கே எழுத்து. கடைசி டியின் தலையில் ஒரு புள்ளி. சாதாரண ரோமன் அச்சுக்கும் தட்டச்சுப் பொறிக்கும் மாறியபோது புள்ளிகள் எல்லாம் ஹெச்சுகளாகின. வெளியார் கண்ணை மிரட்டும் அந்த ஹெச் கூட்டம் பெரும்பாலும் அச்சுக்கூடத்தில் பெருகியது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கிடையே ஒலி ஓய்வதாக இல்லை. டிஹெச் குறித்த உரசொலி இடைக்காலத்தில் தொண்டைப் பக்கம் நகர்ந்து ஜிஹெச் குறித்த ஒலியோடு கலந்தது. பிறகு ஐரிஷில் சொல்லின் ஈற்றிலும் நடுவிலும் பெரும்பாலும் மறைந்தது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது. அதே சொல் கடல் தாண்டி ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் மானைக் குறிக்கிறது. அங்கே அதை எழுதுவதும் இதே ஐந்து எழுத்துகளால்தான். ஆனால் ஈற்றில் தொண்டையிலிருந்து வரும் மெல்லிய ககர உரசல் இன்னும் காதில் விழுகிறது. ஒரே எழுத்துக்கோவை ஒரு கரையில் முழுதாக ஒலிக்க, மறு கரையில் பாதி மௌனமாக இருக்கிறது.

சுதந்திர அயர்லாந்து இந்த மௌன எழுத்துகளைக் களையெடுக்க முற்பட்டது. நாடாளுமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு 1945இலும் 1947இலும் புதிய எழுத்துக்கூட்டல் கையேடுகளை வெளியிட்டது. 1958இல் எழுத்தும் இலக்கணமும் சேர்ந்த அதிகாரபூர்வத் தரநூல் வந்தது. மொழியின் பெயரே சில எழுத்துகளை இழந்தது. மானைக் குறிக்கும் சொல்லும் டிஹெச்சைக் கைவிட்டு மூன்றெழுத்தாகச் சுருங்கியது. இன்றைய ஐரிஷ் அகராதியில் மானைத் தேடுபவர் பார்ப்பது எஃப், ஐ, ஏ மட்டுமே.

ஆனால் ஆட்பெயர்கள் அந்தக் கையேட்டுக்கு முழுதும் கட்டுப்படவில்லை. பெயர் என்பது குடும்பச் சொத்து. அரசு தரும் எழுத்துக்கூட்டலை அது அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஒரு பழங்கால அரசியின் பெயர் இன்று நான்கு உருவில் கிடைக்கிறது: பழைய ஐரிஷில் நான்கு எழுத்து, இடைக்கால முறையில் ஏழு, சீர்திருத்தத்துக்குப் பின் ஐந்து, ஆங்கிலம் தழுவி ‘மேவ்’. நான்கும் புழக்கத்தில் உள்ளவை. ‘டைகர்’ என்பதில் ஈற்று ‘அர்’ நீங்கினால் எஞ்சும் ஒலியுள்ள ஆண்பெயர் ஒன்று, டிஹெச்சையும் ஜியையும் சேர்த்தே சுமந்துகொண்டு புகழோடு இருக்கிறது. அதன் பொருள் கவிஞன்.

ஃபீயாவின் விஷயம் இதிலும் வேறுபட்டது. பெயராக அது பரவியது சீர்திருத்தம் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து. மூன்றெழுத்துப் புது வடிவம் கையில் இருக்கும்போதே பெற்றோர் பெரும்பாலும் தேடிப்போய்ப் பழைய ஐந்தெழுத்தை எடுத்தார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மூன்றெழுத்து வடிவம் எந்த நாட்டுப் பெயராகவும் இருக்கலாம். ஸ்வீடனில் அது சோஃபியாவின் செல்லச் சுருக்கம். அங்கே தாயம் போன்ற ஒரு பலகை ஆட்டத்துக்கும் அதே பெயர். டிஹெச் சேர்ந்த கணத்தில் பெயர் அயர்லாந்துக்கு உரியதாகிவிடுகிறது. ஒலிக்காத அந்த இரண்டு எழுத்தும் சும்மா நிற்கவில்லை. ஊரையும் மொழியையும் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

அந்த அடையாளத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது வரலாறு தெரிந்தால் புரியும். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது. பதிவு நடந்தது ஆங்கிலத்தில். வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று மக்கள் வாழ்ந்தார்கள். கவிஞன் என்ற பொருளுள்ள அந்தப் பெயர் ஏட்டில் திமோத்தி ஆனது. கான்ஹோவர் கொர்னேலியஸ் ஆனான். டீயர்மட் ஜெரமையா ஆனான். மான்பெண் ஸைவ், சாலி ஆனாள். ஒலியிலும் பொருளிலும் எந்த உறவும் இல்லாத மாற்றுகள் பல. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் வேரூன்றியது. பெயரன் என்பதே பேரன் ஆயிற்று என்று சொல்லும் தமிழருக்கு அதன் அருமை தெரியும். அப்படிக் கைமாறி வந்த பெயர் ஏட்டில் வேறாகிப்போவது சிறிய இழப்பல்ல.

1893இல் தொடங்கிய கேலிக் சங்கம் ஐரிஷ் பெயர்களை மீண்டும் எழுதச் சொன்னது. அதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டொனிகல் பகுதியைச் சேர்ந்த நீல் மக் கில்லா வ்ரீஜ என்பவர் தன் வண்டியில் தன் பெயரை ஐரிஷில் எழுதியிருந்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற சட்டத்தின்படி அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1905இல் டப்ளின் உயர்நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் பாட்ரிக் பியர்ஸ், பதினோராண்டுக்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியை நடத்தி உயிர்நீத்தவர். அந்த வழக்கு தோற்றது. சொந்த நாட்டில் சொந்த எழுத்து ‘படிக்க முடியாதது’ ஆனது.

1922இல் தனி அரசு அமைந்த பிறகும் மாற்றம் உடனே வரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஞானஸ்நானத்தின்போது கிறித்தவப் பெயர் வைக்கப்படுவதைக் குருமார் உறுதிசெய்ய வேண்டும் என்றது. இல்லையேல் புனிதர் பெயர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தப் பிடி தளர்ந்தது. கிறித்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு அது நின்றுகொண்டது. புனிதர் யாரும் இல்லாத, அகராதிச் சொற்களான பெயர்கள் பெருகுவதற்கு இது வழிவிட்டது என்று கருத இடமுண்டு. விடுதலைப் போர்க் காலத்தில் தலைகாட்டிய ஸீர்ஷா அந்த வகையின் மூத்த பிள்ளை, ஃபீயா இளையது.

அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. தனிமனிதர் அடையாளம் வெளிப்படாதிருக்க, ஓராண்டில் 3 குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட பெயர்களே அதில் வரும். ஆண் குழந்தைகளில் ‘ஜாக்’ 2007இலிருந்து அசையாமல் முதலிடத்தில் இருந்தது; 2016 மட்டும் விலக்கு. பெண் குழந்தைகளில் எமிலி, கிரேஸ் போன்ற ஆங்கிலப் பெயர்கள் மாறி மாறி வந்த இடத்தை 2021இல் ஃபீயா பிடித்தது. அடுத்த ஆண்டே எமிலி திரும்பி வந்தாள். ஆனாலும் ஃபீயா முன்வரிசையை விட்டு இறங்கவில்லை. வட அயர்லாந்திலும் அதற்கு வரவேற்பு கிடைத்தது.

பட்டியல் எழுத்துக்கூட்டலைப் பார்த்து எண்ணுகிறது, ஒலியைப் பார்த்தல்ல. மூன்றெழுத்து ஃபீயாவும் ஐந்தெழுத்து ஃபீயாவும் அதில் இரண்டு பெயர்கள். இரண்டையும் கூட்டினால் இந்த ஒலியின் செல்வாக்கு இன்னும் அதிகம்.

ஸீர்ஷாவுக்கு உலகம் அறிந்த ஒரு முகம் உண்டு. 1994இல் நியூயார்க்கில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த நடிகை ஸர்ஷா ரோனன் நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அவர் தன் பெயரை ‘ஸர்ஷா’ என்றே சொல்கிறார். ஸீர்ஷா என்பாரும் உண்டு, இரண்டும் சரி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுப்பதே அவருக்கு ஒரு வேலையாயிற்று. ஃபீயாவுக்கு அப்படி ஒரு நட்சத்திரம் துணை இல்லை. மியா, லியா, ஏவா, எல்லா என்று அகரத்தில் முடியும் குறும்பெயர்கள் பல நாடுகளில் விரும்பப்படும் காலத்தில், அந்த ஓசைக்குள் இயல்பாகப் பொருந்தியதே அதன் பலம். ஒலியில் ஊரெங்கும் செல்லும், எழுத்தில் ஊரை விடாது.

இன்னொரு வசதியும் இதற்கு இருக்கிறது. ஐரிஷில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ‘ஃபாடா’ என்ற சாய்கோடு போடுவார்கள். அது விடுபட்டால் சொல்லே மாறிவிடும். ஆனால் பழைய கணினி அமைப்புகள் பலவற்றுக்கு அந்தக் கோடு பிடிபடாது. கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் அதற்கு இடமில்லை. பொதுத்துறை அமைப்புகள் பெயர்களில் ஃபாடாவைச் சரியாகக் கையாள வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு மொழிச் சட்டத் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. ஏவாளின் ஐரிஷ் வடிவமான ‘ஏவா’வுக்கு இந்தத் தொல்லை உண்டு. ஃபீயாவில் சாய்கோடு இல்லை. எந்தப் படிவத்திலும் அது முழுதாகவே வந்து சேரும்.

அயர்லாந்துக்கு வெளியே இத்தகைய பெயர்கள் படும் பாடு தனி. பளிச்சிடும் ஒளி என்ற பொருளுள்ள ‘நீவ்’ எம்ஹெச்சில் முடிகிறது. அதை நியாம் என்று படிப்பார்கள். மென்மை, அழகு என்ற பொருளுள்ள பெயரை வடக்கில் ‘க்வீவா’ என்றும் மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘கீவா’ என்றும் சொல்வார்கள், எழுத்தில் ஏழு. ‘ஈஃபா’வுக்கு முதல் இரண்டெழுத்து ஏயும் ஓவும். ஐரிஷில் சி எப்போதும் ககரம்தான். நடிகர் கிலியன் மர்ஃபியைச் சிலியன் என்று அழைப்பவர்கள் அதை அறியாதவர்கள். இவற்றில் ஒன்றுகூட விதிவிலக்கு அல்ல என்பதுதான் முக்கியம். ஒரே எழுத்துக்கோவையைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ஒலிக்கும் ஆங்கிலத்தைவிட ஐரிஷ் எழுத்து ஒழுங்கானது. ஆங்கில விதியால் படித்துவிட்டு, எழுதியது தவறு என்பது நியாயமாகாது. கோழிக்கோட்டின் இஸட்ஹெச்சைப் பார்த்து வெளியூர்க்காரர் திணறுவதும் இதே வகைதான். இல்லாத ழகரத்துக்கு இரவல் எழுத்தோடு ஹெச் சேர்த்த அதே உத்தியை அயர்லாந்து பல நூற்றாண்டு முன்பே கையாண்டது.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச முடியும் என்றவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் 71,968 பேர் மட்டும். ஆங்கிலம் மட்டுமே புழங்கும் பல வீடுகளில் நாள் முழுவதும் ஒலிக்கும் ஒரே ஐரிஷ் சொல் குழந்தையின் பெயராக இருக்கக்கூடும்.

ஐரிஷே வீட்டுமொழியாக உள்ள மேற்குக் கரையோர ஊர்களில் ஃபீயாவுக்கு மேலும் ஒரு வடிவம் கிடைக்கிறது. கண்ணன் கண்ணா ஆவதுபோல அங்கேயும் விளிவேற்றுமை உண்டு. தமிழில் ஈறு மாறும். ஐரிஷில் முதலெழுத்து மாறும். கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் ‘அ’ என்ற இடைச்சொல் வந்து முதல் மெய்யைத் தளர்த்தும். மாரியைக் கூப்பிடும் ஸ்காட்டிஷ் வடிவத்தில் மகரம் வகரமாகும். அங்கே ஷேமஸைக் கூப்பிடும் வடிவமான ‘ஹேமிஷ்’, ஆங்கிலத்தில் தனிப்பெயராகவே ஆகிவிட்டது. எஃப் தளர்ந்தால் ஒலியே இருக்காது. அதற்குப் பின்னால் ஒரு ஹெச் சேர்த்து எழுதுவார்கள், படிப்பதில்லை. வாசலில் நின்று தாய் மகளைக் கூப்பிடும்போது கேட்பது ‘அ ஈயா’. எழுத்தில் அப்போது பெயர் ஆறெழுத்தாகியிருக்கும். அதில் ஒலிப்பவை இரண்டு.